அம்மா படிக்கும் நெற்றி

சமையலறையில் எவர்சில்வர் டம்ளரை மேடைமேல் டங் டங்கென்று இடிக்கும் சத்தம் கேட்டது.

“என்னடி, கூரை விழுதா?” வீட்டுக்கு வந்திருந்த கிளினிக் மேனேஜர் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“காபி ரெடியாம்க்கா. அம்மா கூப்பிடறாங்க.”

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தான் போடும் சத்தம் எவ்வளவு பெரிதென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மகள் எழுந்து போகவில்லை. மடியில் கிடந்த சம்மதப் படிவம் பாறாங்கல்லாய் அவளை அழுத்தியது.

ஒன்பது வருடமாக ஒரு தோல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. முகப்பருவும் படையும் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. இப்போது நெற்றித் தசையை அசையவிடாமல் செய்து, சுருக்கம் விழுமுன்பே தடுக்கும் ஊசிதான் அங்கே பிழைப்பு. “வர்றவங்க முதல்ல பார்க்கிறது உன் முகத்தை. உன் நெத்தியிலயே ரெண்டு கோடு இருந்தா என் ஊசியை யாரும்மா நம்புவாங்க?” என்றார் டாக்டர். ‘முப்பது முடியட்டும் டாக்டர்’ என்று தள்ளிப்போட்டாள். முடிந்தது. ‘அம்மா கண் ஆபரேஷன் ஆகட்டும்’ என்றாள். அதுவும் ஆனது. சாக்குப்பை காலி.

அந்த இரண்டு கோடுகள் சும்மா வந்தவையா? அம்மாவோடு பேச்சென்றால் பாதி கை, பாதி முகம். கேட்கும்போது புருவம் ஏறும். கவலைப்பட்டால் நெற்றி சுருங்கும். அகத்தின் அழகு முகத்தில் என்பார்கள். அம்மாவுக்கோ மகளின் அகம் முழுவதும் அந்த நாலு விரற்கடை நெற்றியில்தான் இருந்தது.

கூப்பிட்டுச் சலித்த அம்மா, காபியைத் தானே கொண்டுவந்தாள். மணிக்கட்டில் புதிதாய் ஒரு சூட்டுக் கொப்புளம்.

“அய்யோ, சுட்டுக்கிட்டீங்களாம்மா? மருந்து போடக் கூடாதா?” மேனேஜர் அக்காவின் குரல் கரைந்தது. நெற்றி மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல வழவழவென்று இருந்தது. ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பிக் கையசைத்தாள்: ‘இவளுக்கு என்மேல் என்ன கோபம்? நான் என்ன தப்புச் செய்தேன்?’

“என்னடி சொல்றாங்க?”

“உங்களுக்குக் கோபமான்னு கேக்கறாங்க.”

மேனேஜர் அக்கா சிரிக்கப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேக்கறாரு. போன வாரம் ஒரு துக்க வீட்டுல அழறேன், கண்ணுல தண்ணி கொட்டுது, நெத்தி தேமேன்னு நிக்குது. ‘சும்மா நடிக்கிறா’ன்னு காதுபடவே சொன்னாங்க.”

“அப்போ டாக்டர்கிட்ட சொல்லி எனக்கு ஒரு வருஷம் தவணை வாங்கிக் குடுங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஒரு வாரம்கூடக் கிடையாதுடி. உன் நாற்காலிக்கு ஆள் ரெடி. இருபத்திமூணு வயசு, அதுக்கே போட்டாச்சு! உன்மேல பாசம் இருக்கப் போய்த்தான் வீடு தேடி வந்தேன்.”

“நாலு மாசத்துல ஊசி வேகம் தானா இறங்கிடுமாமே?”

“இறங்க விட்டாத்தானே? அதுக்குள்ள அடுத்த ஊசி வந்துடும்.”

வீட்டு வாடகை, அம்மாவின் கண் சொட்டு மருந்து, எல்லாம் அந்த ஒரே நாற்காலியின் நாலு கால்மேல் நின்றன. முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. கையெழுத்துப் போட்டாள்.

‘என்ன அது?’ அம்மாவின் புருவம் ஏறியது.

‘வேலைக்கு’ என்று கையால் சொன்னாள். நெற்றி பொய் சொல்லப் பழகவில்லை; சட்டென்று குனிந்துகொண்டாள். அம்மா அருகில் வந்து, அவள் புருவ நடுவில் கட்டைவிரலை வைத்து அந்தக் கோடுகளை மெல்ல நீவிவிட்டாள். கவலைப்படாதே என்று சொல்ல அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மேனேஜர் அக்கா படிவத்தைக் கைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஊசிடி. பவுடர் பூசாம வெறும் முகத்தோட வா.”

மகள் வாசல்வரை போய் வழியனுப்பினாள். செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பின்னால் டங் டங்கென்று டம்ளர் கூப்பிட்டது. திரும்பினால் அம்மா நெற்றியைப் படித்துவிடுவாள். சாத்திய கதவைப் பார்த்தபடியே நின்றாள்.