முதலைக்கு மீன்தலை

வவுணதீவுப் பக்கம் வெளிநாட்டுக் கடனில் வாவிக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலை கரையேறினால், அது தானாகப் போகும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்பது கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை.

அங்கே காவலுக்கு நின்றவர் இடுப்பில் கட்டிய சாரனுக்கு மேல் செம்மஞ்சள் அங்கி போட்டிருப்பார். தலைக்கவசம் காதுவரை இறங்கியிருக்கும். தன் சோற்றுப் பொதியில் வரும் மீன்தலையைத் தினமும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சேற்றில் வைப்பார்.

“ஏன் அண்ணன், முதலைய வலியக் கூப்பிடுறீங்க?” என்று கேட்டேன்.

“அது வந்து படுத்தாத்தான் மெஷின் நிக்கும் தம்பி. பாலம் முடிஞ்சா என்னை வீட்ட அனுப்பிருவானுகள். அதையும் அடிச்சு விரட்டிருவானுகள்.”

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பாலம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. முதலை நன்றாகக் கொழுத்திருக்கிறது. அந்த மனிதர்தான் மெலிந்துபோயிருந்தார்.