நடுவில் பிளந்து பார்ப்பவள்

பசுந்தாங் சந்தையோரம் பிரியாணிக் கடை நடத்தும் மைமூன் பீவியின் தலையில் ஈர விறகை யாரும் கட்டிவிட முடியாது. கரண்டும் கேஸும் காலை வாரியதிலிருந்து அவளுக்கு விறகடுப்புதான் கதி. தம் போட்ட அண்டாவில் புகை நாற்றம் ஏறினால் அன்றைய சோறு முழுக்கப் பாழ். அதனால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். முனையை மட்டும் வெயிலில் காட்டி ஏய்க்கிறவர்களும் உண்டு என்பதால், ஒன்றை நடுவில் பிளக்கச் சொல்லிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் வண்டி திரும்ப வேண்டியதுதான். விறகுக்காரன் சவரிநாதனின் வண்டியே மூன்று முறை திரும்பியிருக்கிறது.

நேற்று அவன் நீள நீளமாகக் கொண்டுவந்த மரம் தட்டியதும் கணீரென்றது. விலை பேசுவதற்கு முன் ஏதாவது குறை சொல்வது மைமூனின் வழக்கம். அன்றைக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஒரு கட்டையைப் புரட்டினாள். அதில் கீல் பதிந்த தடம் இருந்தது.

“இது வாசக்கால் தானே தம்பி?”

“எங்க வீட்டுதுதான்க்கா. லைங் தாயா குடிசைப் பகுதியில எங்க வீட்டு வரிசையையே இடிச்சிட்டாங்க. வாடகை ரூம்ல இதை வைக்க இடமில்ல. ஆணியெல்லாம் பிடுங்கிட்டேன், பயப்படாம எரிக்கலாம்.”

மைமூன் கட்டையைக் கீழே போடாமல் மெல்ல வண்டியிலேயே வைத்தாள்.

“கடைக்குப் பின்னால அடுக்கி வை. வீடு கட்டறப்ப எடுத்துக்க. நாளைக்குப் பச்சை மரமே கொண்டா, நான் ஊதி எரிச்சுக்கறேன்.”