ஒரே சீட்டு, இரண்டு உயரம்

பள்ளி விட்டு வீடு வந்ததும் அக்கா செருப்பை உதறிவிட்டுக் குளிர்ந்த சிமெண்ட் தரையில் பாதங்களை அழுத்தி வைத்துக்கொள்வாள். அவளுடைய முன்பாதத்தைத் தொட்டால் பெடல் பதிந்த சிவப்புக் கோடுகள் காய்ச்சல்காரரின் நெற்றியைப் போலச் சூடாக இருக்கும். விரல்களோ உணர்வில்லாமல் சில்லென்று கிடக்கும். “மரத்துப்போச்சுடி, கிள்ளிப் பாரு” என்பாள். நான் கிள்ளுவேன். அவளுக்குத் தெரியாது. முதல் சில வாரங்கள் அது எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் காணைக்கு அருகில், பள்ளி விழுப்புரத்தில். காலையில் வரும் ஒரே டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படிக்கட்டு வரை பிதுங்கியிருக்கும் என்பதால், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் அக்கா மிதித்துச் செல்ல, எட்டாம் வகுப்பில் இருந்த நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போவேன். கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி, எதிர்க்காற்றில் அவள் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே, என் கால்களை மட்டும் காற்றில் ஆடவிட்டபடி நெடுந்தூரம் சென்ற அந்தக் காலைகளில், பயணம் இருவருக்கும் பொதுவாகவும் வலி ஒருத்திக்கு மட்டுமாகவும் இருந்தது எனக்கு உறுத்தத் தொடங்கியது. மேட்டில் நான் குதித்து இறங்கி ஓடிவருவேன். “ஏறுடி, நீ எறங்கி ஏறுறதுதான் பேஜாரு” என்று திட்டுவாள்.

அம்மா அதை ரத்தக் குறைவு என்று முடிவுசெய்தார். கேப்பைக் கூழும் முருங்கைக் கீரையும் அக்காவின் தட்டில் கூடின. மாலையில் கல்லுப்புப் போட்ட வெந்நீர் வந்தது. பெடல்களில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினார்கள். தடித்த செருப்பு வாங்கினார்கள். எதற்கும் வலி கேட்கவில்லை. ஒரு நாள் அப்பா, அக்காவின் கால்களைப் பார்க்கச் சகியாதவராய், “இப்டி வலிச்சிக்கினு எதுக்குப் போவணும்? திண்டிவனத்துல அத்த மெஸ்ஸுக்கு ஆளில்லாம கஷ்டப்படுது. அங்க போயி ஒத்தாசையா இருக்கட்டும், படிச்ச வரைக்கும் போதும்” என்றார். அவர் கடுமையானவர் அல்லர். மகளின் வலியைத் தீர்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அன்றிலிருந்து அக்கா வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். வீட்டு வாசலில் நிமிர்ந்து நடப்பாள். ஊர் எல்லை தாண்டியதும் நொண்டுவாள். இதைச் சொன்னால் அவள் படிப்புப் போகும், சொல்லாவிட்டால் அவள் கால் போகும் என்று கேரியரில் உட்கார்ந்து நான் மாறி மாறி எண்ணிப்பார்த்தேன். சிறு பெண்ணின் தலைக்கு அது பெரிய கணக்கு.

அந்தச் சமயத்தில், அத்தையின் மெஸ்ஸுக்குக் கூரை மாற்ற அப்பா திண்டிவனம் போனார். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் அவருடைய வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். அப்பாவின் பழைய சைக்கிள் பிரேம் உடைந்துபோனதிலிருந்து, பால் கேன்களும் இந்த அரசு சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தன. அம்மா குள்ளம். ஸ்பேனரை எடுத்துச் சீட்டை நன்றாக இறக்கிக்கொண்டார். மறுநாளே அக்கா பாதி வழியில் கத்தினாள்: “ஏய், இன்னிக்கி வலிக்கவே இல்லடி!” அந்த வாரம் முழுவதும் வலிக்கவில்லை. அப்பா திரும்பி வந்தார். வழக்கம்போல் தன் உயரத்துக்குச் சீட்டை ஏற்றினார். அன்று மாலை அக்காவின் விரல்கள் மீண்டும் மரத்திருந்தன.

அம்மாதான் அதைக் கண்டுபிடித்தார். “வலி அவ கால்ல இல்லீங்க. நீங்க ஏத்தி வச்சிருக்கிற சீட்டுல இருக்குது.”

எட்டாத பெடலைக் கால் நுனியால் எட்டி எட்டி மிதித்துத்தான் அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அரசு அவளுக்குக் கொடுத்த சைக்கிள் அது. ஆனால் அதை அவள் உடலுக்கேற்ப மாற்றலாம் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும், அவளுக்கும்கூட, தோன்றவில்லை.

சில நாட்கள் சீட்டை விடியலில் ஏற்றுவதும் எட்டு மணிக்கு இறக்குவதுமாகப் போனது. அதில் திருகின் மரை தேய்ந்து, ஒரு காலையில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே சீட்டுச் சரிந்து, பால் முழுவதும் ரோட்டில் கொட்டியது. ஏதாவது ஓர் உயரத்தில் இறுக்கி அப்படியே விட்டுவிடச் சொன்னார் சைக்கிள் கடைக்காரர். இன்னொரு சைக்கிள் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

“உன் ஒசரத்துக்கே இருக்கட்டும்பா. எனக்குப் பழகிடுச்சி” என்றாள் அக்கா.

“ஏறிக் குந்து” என்றார் அப்பா, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு. “காலு எட்டுதா?”

“எட்டுதுபா.”

“பொய் சொல்லாத. குதிகால வை.”

குதிகால் படியும் வரை இறக்கினார். இறுக்கினார். “சரி எறங்கு, போயி படி. நான் எப்டியும் போயிக்குவேன்.”

மறுநாளிலிருந்து முழங்கால்கள் ஹேண்டில்பாரை இடிக்க, இருபுறமும் கேன்கள் கனக்க, அவர் மிதித்துப் போனார். டீக்கடையில், “இன்னாபா, பொண்ணு சைக்கிள்ல தவள கணக்கா போற!” என்று சிரித்தார்கள். “தவளயாச்சும் குதிக்குது, நீ ஒரே எடத்துல குந்திக்கினு கீறியே” என்று சிரித்துக்கொண்டே அவர் கடந்துவிடுவார். ஆனால் மாலையில் விளக்கெண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் தேய்ப்பார். அக்கா புத்தகத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுக்குப் பிறகு, எனக்கும் அரசு சைக்கிள் கிடைக்கும் வரை, நானும் அதே தாழ்ந்த சீட்டில்தான் பள்ளிக்குப் போனேன்.

இன்று அக்கா திண்டிவனத்தில் ஆசிரியை. நான் பெண்கள் கல்விக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு பெண் முன்னேறினாள் என்று யாராவது அறிக்கை வாசித்தால், அவளிடமிருந்து இறங்கிய சுமை யார் மேல் ஏறியது என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அப்பாவின் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. சைக்கிள்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டோம்; வயதாலும் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். குற்றவாளி என்றும் விடுதலை என்றும் தீர்ப்பு இல்லாமல் அக்காவும் நானும் நிற்கிறோம். அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். பால் வேன் தெருவுக்கே வருகிறது. பஸ்களும் கூடிவிட்டதால், காலையில் பள்ளிக்கு மிதித்துப் போகும் பெண்களை அங்கே அரிதாகத்தான் காண முடிகிறது.

போன மாதம் அப்பாவை அக்கா வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். திண்டிவனத்தில் பஸ் நின்றதும், “நீ முன்னால எறங்கிப் போம்மா, நான் வர்றேன்” என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குவதை நாங்கள் பார்க்கக் கூடாது அவருக்கு. நான் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எங்களை அழைத்துப்போக வந்து எதிரே நின்றிருந்த அக்காவுக்குத் திரும்பிக்கொள்ள வழியில்லை. அவள் கைப்பையைத் திறந்து, அவர் தரையில் கால் வைக்கும் வரை, எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.