அமிலம் விழுந்த புட்டி

"அம்மா நேத்து காலையில தவறிட்டாங்க சார். அவுங்க நோட்டுல மொதப் பக்கத்துல உங்க நம்பர்தான் இருந்துச்சு" என்றாள் மரகதம் அம்மாவின் மகள். எந்த முகத்தோடு அவர்கள் ஊரான திருக்கோவிலூருக்குப் போவது என்று யோசித்தே அன்றைய பகலைக் கழித்தேன். போகவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்களோடு தண்ணீர்ப் பரிசோதனை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். நான் வேதியியல் படித்த அதிகாரி, அவர் உதவியாளர். புட்டியைத் திறந்து முகர்ந்தே பாதி முடிவைச் சொல்லிவிடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கல்வராயன் மலையில் ஓர் ஊரில் புதிதாகப் போட்ட அடிபம்பு செக்கச்செவேலென்று குழம்பாகக் கக்கியது. நாற்காலியை விட்டு எழாமலே, குழாய்த் துரு என்று சொல்லிவிட்டேன். அவர் அங்கிருந்து வந்திருந்த குழம்பை இரண்டு விரலால் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். "துருன்னா நறநறங்கும் சார். இது இன்னா இப்படி வழவழங்குது? இதுல உசுரு இருக்குது."

தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை ஒருவகை பாக்டீரியா பிடித்துச் செங்குழம்பாக மாற்றிவிடுகிறது. குழாயை மாற்றிப் பயனில்லை, ஆழ்துளைக் கிணற்றுக்குள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். நுண்ணோக்கியில் பார்த்து எழுதினால்தான் மேலே ஒப்புக்கொள்வார்கள். அதற்கு முறைப்படி மாதிரி எடுக்க அவரே மலைக்குப் போனார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அவர் மலையிலிருந்து இறங்கி, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி, இரண்டு புட்டிகளோடு நடந்தே வந்தார். கால் வீங்கியிருந்தது. "ஒண்ணு இரும்புக்கு, ஆசிட் போட்டுட்டேன். இன்னொண்ணு கிருமிக்கு, அப்படியே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நுண்ணோக்கி பார்ப்பவர் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும். பஸ் இல்லை. அதுவரை கெட்டுப்போகாமல் இருக்கட்டுமென்று, என் மேதாவித்தனத்தில், அந்த இரண்டாம் புட்டியிலும் அமிலத்தை ஊற்றினேன். குழம்பு கரைந்து தண்ணீர் தெளிந்தது. அதோடு அதிலிருந்த உயிரும் போயிற்று. நான்கு நாள் கழித்து வந்தவர் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 'உயிரிகள் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மரகதம் அம்மா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல ஆசிட் ஊத்துனீங்களா சார்?"

"இல்லையே."

மேலதிகாரி பக்கத்தில் நின்றார். மரகதம் அம்மா என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்போ நான்தான் சரியா எடுக்கல போலங்க" என்றார். மறுபடி எடுத்து வருகிறேன் என்று இரண்டு முறை கேட்டார். ஒரு தடவை பார்த்தாயிற்று என்று தட்டிக்கழித்தேன்.

குழாயை மாற்றினார்கள். சில மாதத்தில் அதே குழம்பு அடைத்து பம்பு நின்றது. பெண்கள் பழையபடி குடத்தோடு ஓடைக்கு இறங்கினார்கள். பிற்பாடு அங்கே போயிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "அந்தம்மா ஏதோ மருந்து போடலாம்னு சொன்னாங்க. அப்பறம் இன்னா ஆச்சோ, யாரும் வரல."

அதன்பின் பல வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

இன்றும் சிவந்த குழாயடியைக் கண்டால் குனிந்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்தப் பழக்கமும், உண்மையான பதில் சொல்லாத அந்த ஒரு கேள்வியும்தான்.

ஊற்றினேன், மரகதம் அம்மா. நான்தான் ஊற்றினேன்.