மாட்டு வாலும் நாய் நாக்கும்

அன்றைக்கு மழை வரும் என்று அம்மாவுக்கு முன்பே தெரியுமா? எட்டு வயதில் எனக்குத் தோன்றாத கேள்வி இது. என் மகன் நடக்கத் தொடங்கிவிட்ட இந்த வயதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அம்மாவிடம் கேட்டால், “மழைய நான் வரவழைக்க முடியுமா ஏட்டி?” என்று சிரிக்கிறாள். அது பதில் இல்லை.

அப்போது என் அப்பாவும், அம்மாவின் அண்ணனான மாமாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம் சொத்துத் தகராறு அல்ல, ஒரு லாரியின் பின்கதவு.

அப்பாவுடையது உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றும் டிப்பர். புதிதாகப் பாடி கட்டியபோது பின்கதவுக்கு மேல்பக்கம் கீல் வைத்தார். தொட்டியைத் தூக்கித் தாழ்ப்பாளை விடுவித்தால் கதவு கீழிருந்து விலகும். உப்பு தானாகச் சரியும். யாரும் உள்ளே ஏறி மண்வெட்டியால் தள்ள வேண்டாம். மாமாவோ திரேஸ்புரத்தில் மீன் ஏற்றும் சின்ன வண்டி வைத்திருந்தார். அதன் கதவுக்குக் கீல் அடிப்பக்கம். திறந்தால் கீழே சாய்ந்து, இரண்டு சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு மேசை போல நிற்கும். மீன் பெட்டியை அதில் இழுத்து வைக்கலாம், ஏலம் போடலாம், உட்கார்ந்து டீயும் குடிக்கலாம். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அப்பா கேட்கவில்லை.

புது லாரிக்கு எங்கள் கோயில் ஐயர் (சர்ச் போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் செய்து முடித்ததும், அப்பா பெருமையாகத் தொட்டியைத் தூக்கிக் காட்டினார். மாமா சும்மா இருந்திருக்கலாம்.

“என்ன மாப்பிளை, சாணி போடப்போற மாடு வாலத் தூக்குத மாதிரில்லா இருக்கு!”

ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

“ஒங்க வண்டி மட்டும் என்னவாம் மச்சான்? வெயில்ல நாய் நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குத மாதிரி இருக்கு.”

இதற்கும் சிரித்தார்கள், ஆனால் முதல் சிரிப்பின் அளவுக்கு இல்லை. அப்பாவால் தாங்க முடியாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன். அதன்பிறகு கிறிஸ்துமஸ் பலகாரம்கூட அம்மாவின் கை வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தது.

அந்த வருடம் கோயில் அசனத்தில் சோற்றுப் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. முதல் தடவை. ஊரே சேர்ந்து சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. சோறு குழைந்தால் அந்தப் பெயர் அடுத்த அசனம் வரைக்கும் நிற்கும். பற்றாமல் போனால் ஆயுசுக்கும் நிற்கும். அம்மா பல நாள் சரியாகத் தூங்கவில்லை. விறகும் அண்டாக்களும் கொண்டுவர அப்பாவையும் மாமாவையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டாள். “அண்ணனுக்கு அன்னைக்கு லோடு இருக்காம், வர முடியாதாம்” என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மாமாவிடமும் அதே போல எதையோ சொல்லியிருக்க வேண்டும். இருவரும் வந்து இறங்கினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கோயில் முற்றத்தின் எதிரெதிர் மூலைகளில் வண்டிகளை நிறுத்தினார்கள்.

வடித்த சோற்றை முற்றத்தில் புதுப்பாய் விரித்து மலையாகக் குவிப்பது எங்கள் வழக்கம். மேலே வானம்தான். மழையே அபூர்வமான எங்கள் சாத்தான்குளம் பக்கம் மழைக்குப் பந்தல் போடுகிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

முதல் பந்தி கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட வகுப்பறைகளில் உட்கார்ந்தபோது மழை வந்தது. தூறலாக அல்ல, சடசடவென்று. வகுப்பறைகளில் கால் வைக்க இடமில்லை. கோயிலுக்குள் கறியும் சோறுமா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆவி பறந்த சோற்று மலையின்மேல் முதல் துளிகள் விழுவதைப் பார்த்து நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா அழவில்லை.

“அண்ணே, வண்டியக் கொண்டாங்க! டோரத் தொறங்க! சோத்தப் பாயோட ஏத்துங்க!”

நாக்கு சாய்ந்தது. நான்கு மூலையிலும் ஆட்கள் பிடித்துத் தூக்க, பாய்கள் ஒவ்வொன்றாக மாமாவின் வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் ஏறின. ஆனால் காற்று திரும்பி, திறந்த பின்பக்கமாகச் சாரலை அடித்தது. கதவை மூடினால் பரிமாற முடியாது, திறந்தால் சோறு நனையும். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ஒங்க வாலத் தூக்கிக்கிட்டு இங்கன வாங்க!”

கொட்டுகிற மழையில் மொத்த முற்றமும் சிரித்தது. அப்பா பாய்ந்து ஏறி லாரியைப் பின்னால் எடுத்தார். அந்த மழையில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று ஒருவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே நின்றது மாமா மட்டும்தான். முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தார். பிறகு லாரியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார்.

“வாங்க, வாங்க மாப்பிளை... வலத்த ஒடிங்க... இன்னும் ஒரு சாண்... போதும், போதும்!”

இருவருமாகக் கதவைத் தூக்கி, இரண்டு விறகுக் கம்புகளை முட்டுக் கொடுத்தார்கள். மேலே அப்பாவின் கதவு கூரை. கீழே மாமாவின் கதவு மேசை. அளவெடுத்துச் செய்தது போல ஒன்றின்மேல் ஒன்று நின்றது. அதற்கு நடுவில் நின்று அம்மா சோற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தாள், ஊர் முழுக்கச் சாப்பிட்டுப் பாத்திரங்களிலும் வாங்கிப் போகும் வரைக்கும். ஐயரே தட்டை நீட்டிக்கொண்டு வந்து, “இனிமே யாரும் மாட்டு வாலச் சொல்லிச் சிரிக்கப்பிடாது” என்றார்.

மழை விட்டபோது அப்பாவும் மாமாவும் அந்த நாக்கின்மேல் உட்கார்ந்து, கால்களை ஆட்டியபடி ஒரே தட்டில் கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுகள்தான் ஜெயித்தன என்று நான் நம்பினேன். மறுநாள் பள்ளியில், லாரி என்றால் இரண்டு மாதிரிக் கதவும் வேண்டும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். மீன் வண்டி அன்று சோப்பு வாசம் வீசியதே, வெறும் விறகு ஏற்ற எதற்காக வண்டியைக் கழுவிக்கொண்டு வரும்படி அம்மா மாமாவிடம் சொன்னாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது என் கணவரும் என் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பி ஆசையாக வாங்கிவந்த நடைவண்டியின் சக்கரம் சரியில்லை என்று இவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அடுத்த மாதம் மகனுக்குப் பிறந்தநாள். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடலாமா? அது பொய்யாகிவிடாதா? வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் குழந்தை பயந்துவிட மாட்டானா? தினமும் வானிலை அறிவிப்பைப் பார்க்கிறேன். மழை இல்லை என்கிறார்கள். மழையில்லாமலே இரண்டு ஆண்களை அந்த வண்டிகளைப் போலப் பின்னோடு பின் சேர்த்து நிறுத்தத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.