பத்து வீட்டுக்குப் பத்துப் பை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு முகம் கழுவப் போனவள், விழுகிற தண்ணீருக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் சூடாகட்டும் என்று காத்திருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. கனடாவில் ஆறு வருடம் இருந்ததில் கை பழகிவிட்டது. டயகம மலையிலிருந்து நேராக இறங்கி வருகிற தண்ணீருக்கு அதெல்லாம் தெரியுமா? குடத்தோடு பின்னால் நின்ற புஷ்பம் அக்கா, "என்னங்க, தண்ணிகிட்ட எதும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த 'ங்க' சுருக்கென்றது. புஷ்பம் அக்கா பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். 'வாடி, போடி' தவிர வேறு மாதிரி அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, ஊர் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் 'வாங்க'தான். சொந்த ஊர் மரியாதை கொடுக்கத் தொடங்கினால், நம்மைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டது என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பையெல்லாம் அந்தப் பெரிய பொட்டியிலதாங்க இருக்கு? கோவிச்சுக்காதீங்க, எம்மக ரம்யாவுக்கு ஜிப்பு வச்சதா ஒன்னு ஒதுக்கி வைங்க. ஜனவரியில ஸ்கூலு தொறக்குது, இருக்கிற பேக்கு பிஞ்சு தொங்குது."

"எந்தப் பை, அக்கா?"

"அதாங்க, நத்தாருக்கு வீட்டுக்கொரு பை தரப் போறீங்கன்னு மேரி சொல்லுச்சே."

மேரி என் அண்ணன் மனைவி. புறப்படுவதற்கு முன் போனில் அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. "அண்ணி, இந்த நத்தாருக்கு லயத்துல பத்து வீட்டுக்கும் என் கையாலயே பை செஞ்சு குடுக்கப் போறேன்." "அம்புட்டுப் பேருக்குமா?" "ஆமா, சின்னச் சின்னதா." நான் சொன்னது மாவுக்குள் பழத்தை வைத்து மூடிச் சுடுகிற இங்கிலீஷ் பை. அண்ணிக்குக் கேட்டது தோளில் மாட்டுகிற பை. அங்கே இருந்து இருந்து, தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருக்கிறது. விமான டிக்கெட்டே கையிருப்பை விழுங்கிவிட்டதால்தான் பலகாரம் என்ற யோசனையே வந்தது. பத்துப் பை வாங்க எனக்கு வக்கில்லை. பீலியடியில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலாம்க்கா" என்று மழுப்பிவிட்டு வந்தேன். கோழைத்தனம்தான்.

எனக்கு அந்தப் பலகாரம் பழக்கமானது, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில். முதல் நாள் மாவைக் கையில் கொடுத்தார்கள். நமக்கு மாவு என்றால் ரொட்டி மாவுதானே? அடித்து, உருட்டி, உள்ளங்கையால் தேய்த்து, வியர்க்க வியர்க்கப் பிசைந்தேன். கூட வேலை செய்கிற லிண்டா ஓடி வந்து, "லீவ் இட் அலோன்!" என்று கத்தினாள். தனியாக விடு என்கிறாளாக்கும் என்று மாவை எடுத்துப்போய் யாரும் இல்லாத மேசையில் வைத்துவிட்டு நானும் தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சுட்ட பையைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. மாவைச் சும்மா விட வேண்டும், தொட்டும் தொடாமலும் சேர்க்க வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி தலையில் கை வைத்தாள். "ஐயோ, பத்து வீட்டுக்கும் நானே போயிச் சொன்னேனே! இப்பப் போயி பலகாரம்னா, கனடாக்காரிக்குக் குடுக்கக் கை வரலன்னுல்ல பேசுவாங்க!" அதுதான் எனக்கும் பயம். இருந்தாலும் வேலையைத் தொடங்கினோம். அப்பிள் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி, வேலியில் கொடியோடிக் கிடந்த சவ்சவ்வைப் பறித்தேன். மெல்லியதாகச் சீவி, தேசிக்காய்ப் புளியும் சீனியும் பட்டைத் தூளும் போட்டு வதக்கினால் அப்பிளா இல்லையா என்று நாக்கு தடுமாறும். வெண்ணெய்க்குப் பதில் மாஜரின். டிசம்பர் குளிரில் அது கல்லாக இருந்தது, ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை. பை சுடுகிற தட்டுக்குப் பதில் பிஸ்கட் டின் மூடிகள். நத்தாருக்கு முதல் நாள் எல்லாவற்றையும் அக்கரப்பத்தனை பேக்கரிக்குக் கொண்டுபோனேன். பாண் சுட்டு முடித்த போறணை அடுப்பில் சூடு மிச்சமிருந்தது. பேக்கரி நடத்துகிற முஸ்லிம் நானா ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன மகள், ரொட்டிக்கு மூடி போட்டிருக்கீங்க?" என்றார். ஆனாலும் ஒன்று கூடக் கருகாமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் கோவிலில் நத்தார்ப் பூசை முடிந்து நாங்கள் வந்தபோது லயமே வாசலில் நின்றது. தீபாவளிக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவோம், நத்தாருக்கு அவர்கள் வருவார்கள். வீட்டுக்கு ஒரு மூடியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டு, இன்னும் எதற்கோ காத்து நின்றார்கள். என் பெட்டி இருந்த மூலையைச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். "பைன்னு நான் சொன்னது இதத்தாங்க," என்றேன். காது இரண்டும் எரிந்தன. புஷ்பம் அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணைச் சுருக்கினாள்.

"அடியே சாந்தி! இது நம்ம வேலியில காய்க்கிற சவ்சவ்வுல்ல? இதச் செய்யவாடி கனடா போன?"

வாசலே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது; அந்த 'அடியே'க்காக இன்னும் பத்து மூடி சுட்டிருப்பேன். ஆனால் அவள் மகள் ரம்யா சிரிக்கவில்லை. தன் பங்கை ஒரு பொட்டு விடாமல் தின்றுவிட்டு, "அப்ப பேக்கு இல்லியா சித்தி?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

உள்ளே போய், விமானத்தில் நான் தோளில் மாட்டி வந்த பையைக் கட்டில் மேல் கொட்டிவிட்டு, வெறும் பையை ரம்யாவிடம் நீட்டினேன். ஜிப் வைத்ததுதான். "வேணாம்டி, நீ எதுலடி கொண்டு போவ?" என்று புஷ்பம் அக்கா தடுத்தாள். ரம்யா தடுக்கவில்லை. பட்டியில் தொங்கிய சிறிய அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: என் பெயர், அதற்குக் கீழே கனடா விலாசம்.

"சித்தி, இது தொலஞ்சா எடுக்கிறவங்க கனடாவுக்குல்ல அனுப்பிருவாங்க?"

"அப்ப கழட்டிரு."

அவள் யோசித்தாள். பிறகு அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எங்கள் லயத்து விலாசத்தை எழுதினாள். பெயரை மாற்றவில்லை. "நீங்க குடுத்ததுன்னு தெரியணும்ல," என்றாள்.

நான் கனடாவுக்குத் திரும்பிய நாளில்தான் பள்ளிக்கூடம் திறந்தது. பாஸ்போர்ட்டைக் கடைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தேயிலைக்கு நடுவே ரம்யா குறுக்குப் பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகில் அந்த அட்டை காற்றுக்குத் திரும்பித் திரும்பி ஆடியது. எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்க்க ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.