நைட்டியோடு ஞானஸ்நானத்துக்கு வந்தவள்

எங்கள் சபையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. பெண்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்க்கும் வேலை. திருவொற்றியூரில் ஒரு மாடியில் கூடும் சின்ன சபை அது. படியேறி வரும் ஒவ்வொருத்தியையும் முக்காட்டிலிருந்து கால்வரை அளந்துவிடுவேன். ஜாக்கெட்டின் முதுகு இறங்கியிருந்தால் சொல்வேன். முக்காடு நழுவினால் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் சபைப் பெண் ஒருத்தி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றால், அங்கேயே கூப்பிட்டு, "சாட்சி கெட்டுப்போவுது பாரு" என்பேன். வெளியாட்கள் கண்ணில் சபைக்கு இருக்கும் நல்ல பேரைத்தான் நாங்கள் சாட்சி என்போம். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு நைட்டிதான் உடை. குழாயடிக்கும் அதுதான், கோழிக்கடைக்கும் அதுதான். ஆகவே என் வாய்க்கு ஓய்வே கிடையாது.

நான் சொல்ல வந்தவள் சபைக்கு வந்தது என்னால்தான். காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவருபவள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். தலையில் கைவைத்து ஜெபித்தேன். அதிலிருந்து வர ஆரம்பித்தாள், ஒரு வருஷத்தில் ஞானஸ்நானம் எடுக்கவும் ஆசைப்பட்டாள். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிற ஆள். ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை. "போறதுன்னா போ. நாலு பேரு சிரிக்கிற மாரி மட்டும் ஆவக் கூடாது" என்று சொல்லியனுப்பினானாம். அவன் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் கடலில்தான். எண்ணூர் போகும் சாலையோரம், கருங்கல் கொட்டிய இடங்களுக்கு நடுவே கொஞ்சம் மணல் இருக்கும் ஒரு கரை. அன்று துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. வண்டி நகராத எரிச்சலில் ஆட்கள் இறங்கி, பல் விளக்கிக்கொண்டு, கல்மேல் உட்கார்ந்து எங்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கறுநீலத்தில் ஒரு நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கனத்த துணி, முழுக்கை, கழுத்துவரை பொத்தான். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது.

"இன்னாம்மே இது? நைட்டியோட ஞானஸ்நானமா? ரோட்ல இத்தினி பேரு பாக்குறான், சாட்சி இன்னாத்துக்கு ஆவும்?"

"நல்லாத்தானக்கா கீது? கயுத்துலருந்து காலு வரிக்கும் மூடிகினுதான கீது. தண்ணில எறங்கறதுக்கு இதான்க்கா சரி, ஒட்டாது. எங்க குப்பத்துல பொம்பளைங்க கடல்ல குளிக்கறப்போ இப்டித்தான்" என்றாள்.

கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் கடலைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைப் புடவை என்பது முறை. இப்படி யாராவது வந்து நிற்பார்கள் என்று என் பையில் எப்போதும் ஒரு வெள்ளை வாயில் துணிப் புடவையும் ஜாக்கெட்டும் பாவாடையும் வைத்திருப்பேன். வேன் மறைவில் நானே கட்டிவிட்டேன். முந்தானை விலகாமல் ஐந்து ஊக்குகள் குத்தினேன். குத்திவிட்டு ஒரு எட்டு தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் பொம்பள மாரி கீற" என்றேன். எனக்கு அவ்வளவு திருப்தி.

பாஸ்டர் அவளைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். எழுந்து நின்றாள். நான் கட்டிவிட்ட புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. புடவை கட்டாமலே நின்றிருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. கல்மேல் இருந்தவர்களில் ஒருவன் விசில் அடித்தான். நாலைந்து போன்கள் மேலே எழும்பின.

இதற்காகத்தான் போர்வை வைத்திருப்போம். இரண்டு பெண்கள் முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, வருகிறவளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அன்று ஒரு முனை என்னுடையது. நானும் வாயில் புடவைதான் கட்டியிருந்தேன். நனைந்தால் எனக்கும் அப்படித்தானே ஆகும் என்று காய்ந்த மணலிலேயே நின்றுவிட்டேன். கூட இருந்தவள் "எறங்குங்கக்கா, எறங்குங்க" என்று போர்வையை இழுத்தாள். நான் அசையவில்லை. பதினைந்து அடி இருக்கும், அவள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு அலைக்கு எதிராகத் தள்ளாடித் தள்ளாடித் தனியாகவே நடந்துவந்தாள்.

இரண்டு நாளில் அந்த வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது, ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்து. சபைப் பெண் ஒருத்தி என்னிடம் காட்டினாள். "சீ, அழி" என்றேன். அழிப்பதற்கு முன்னால் என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். அவளுக்காக இல்லை. அதில் நான் தெரிகிறேனா என்று பார்த்தேன். ஓரத்தில் போர்வையின் முனை மட்டும் தெரிந்தது, என் முகம் இல்லை. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் மறுபடி சபைக்கு வரவில்லை. என் தெருவுக்கு மீனும் வரவில்லை. புருஷன் அடிக்கவில்லையாம், பேசுவதைத்தான் நிறுத்திவிட்டானாம். அவள் வெளியே தலைகாட்டாமல் ஒரு கொட்டகையில் இறால் உரிக்கப் போகிறாள் என்று காதில் விழுந்தது. "உள்பாவாட கனமா இருந்திருக்கணும்" என்று பாஸ்டரின் மனைவி ஒருநாள் சொன்னார். பாவாடையும் என்னுடையதுதான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் குப்பம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு நாளும் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து, போன மழைக்காலத்தில், மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். மறுபடி மீன் விற்க உட்கார்ந்திருந்தாள். நைட்டி, அதன்மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை. மெலிந்திருந்தாள். அந்த ஈரத்தரையிலேயே குந்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் குந்தினேன்.

"என்ன மன்னிச்சுடும்மே" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அத்த வுடுக்கா. ஒன்னே ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அத்த நீ பாத்தியா?"

"இல்ல" என்றேன். யோசிக்கவேயில்லை, வந்துவிட்டது.

அவள் முகம் மாறியது. கண் நிறைந்துவிட்டது. "எங்க குப்பத்துல பாக்காத ஆளே இல்லக்கா. எவங்கிட்ட பேசுனாலும் இவனும் பாத்துருப்பான், எவகிட்ட பேசுனாலும் இவளும் பாத்துருப்பான்னு தலய குனிஞ்சிகினே பேசுறேன். எங்க வூட்டுக்காரரும் பாத்துட்டாரு. நீ பாக்கல இல்ல? போதும்க்கா. உன் எதுர்லயாவது நான் நிமுந்து ஒக்காருவேன்."

இப்போது வாராவாரம் அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே முதுகை நிமிர்த்தி உட்கார்கிறாள், சிரிக்கிறாள், பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொல்கிறாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாய்வரை வருகிறது. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.